ஆறு ஆம்ப்ளிஃபயர் போர்டு, ஒரு ஸ்பீக்கர்: தர்மபுரி மேசையில் ஒப்பிட்டுப் பார்த்த பதிவு

டிடிஏ7294, எல்எம்3886 இரண்டும் ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர் ஐசிகள் (சிப்கள்). அவை போட்ட இரண்டு போர்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒரே பாட்டைப் போட்டு, வால்யூமை ஒரே இடத்தில் நிறுத்திக் கேட்டால் 7294தான் ஜெயிக்கும். "பேஸ் நல்லா அடிக்குது, குரல் முன்னாடி வருது" என்பார்கள். இதில் ஐசிக்குப் பெரிய பங்கு கிடையாது. 7294 போர்டில் வழக்கமாகப் போடும் ஃபீட்பேக் ரெசிஸ்டர் 22 கே (22,000 ஓம்), 680 ஓம். அதனால் கெய்ன், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு, 33 மடங்கு. 3886 போர்டில் 20 கே, 1 கே. கெய்ன் 21 மடங்கு. வித்தியாசம் சரியாக 4 டெசிபல். சத்தம் கூடினால் காது தாழ்ந்த ஸ்வரங்களைக் கூடுதலாக வாங்கும். அதைத்தான் நாம் 'பேஸ்' என்று சொல்லிவிடுகிறோம். ஐசியை மாற்றாமல் அந்த 1 கே-யை மட்டும் 620 ஓம் ஆக்கினால் 3886-ம் அதே பாராட்டை வாங்கிக்கொள்ளும்.

அதனால் இந்த ஒப்பீட்டில் முதல் வேலை கேட்பது இல்லை, அளப்பது.

மேசையில் இருந்தவை: எல்ஏ4440 (பிரிட்ஜ் முறையில், அதாவது ஸ்பீக்கரின் இரண்டு ஒயரையும் ஓட்டும்படி), டிடிஏ2030ஏ, டிடிஏ7294, எல்எம்3886, 2எஸ்சி5200–2எஸ்ஏ1943 ஜோடி போட்ட டிரான்சிஸ்டர் போர்டு, டிபிஏ3116டி2 கிளாஸ் டி போர்டு. முதல் ஐந்தும் கிளாஸ் ஏபி, பிளஸ் பக்கத்துக்கும் மைனஸ் பக்கத்துக்கும் தனித்தனி டிரான்சிஸ்டர் ஓட்டும் வகை; கிளாஸ் டி வேகமாக ஆன்-ஆஃப் ஆகி ஓட்டும் வகை. எல்லாவற்றிலும் ஒரே ஒரு சேனல்தான் சோதனைக்கு. ஸ்பீக்கர் 8 இன்ச் ஊஃபரும் ட்வீட்டரும் உள்ள 8 ஓம் பெட்டி ஒன்று; மீட்டரில் டிசி ரெசிஸ்டன்ஸ் 6 ஓம் பக்கம் காட்டும், அது சரிதான்.

பவர் சப்ளை: 4440-க்கு 12 வோல்ட் பேட்டரி. 2030ஏ-க்கு 12-0-12, 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர். 7294, 3886, டிரான்சிஸ்டர் போர்டு மூன்றுக்கும் 24-0-24, 5 ஆம்பியர்; ஒவ்வொரு ரெயிலுக்கும் (பிளஸ், மைனஸ் சப்ளை ஒயர்) 10,000 மைக்ரோஃபாரட் 50 வோல்ட் கண்டன்சர். 3116-க்கு எல்ஈடி பட்டைக்கு விற்கும் 24 வோல்ட் 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் பவர் சப்ளை), அதிலுள்ள சின்ன திருகை இறக்கி 22 வோல்ட்டில் வைத்தது. 3116-ன் வேலை எல்லை 26 வோல்ட். 24-ல் ஓடும், ஆனால் ஓரத்தில் நிற்க வேண்டியதில்லை.

12-0-12-ஐப் பற்றி ஒரு எச்சரிக்கை. கணக்குப்படி 12 × 1.414, டையோடுக்கு 1 வோல்ட் கழித்தால் ±16. ஆனால் லோடு இல்லாதபோது டிரான்ஸ்ஃபார்மர் 13 கொடுக்கும். ராத்திரி லைன் 250-க்கு ஏறினால் ரெயில் ±19-ஐத் தொடும். பெயரில் 'ஏ' இல்லாத பழைய டிடிஏ2030-ன் உச்ச எல்லை ±18. சும்மா ஆன் செய்து வைத்த செட் விடியற்காலையில் செத்துக் கிடப்பதற்கு இதுதான் காரணம். 2030ஏ ±22 வரை தாங்கும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, ஏ-வையே வாங்குங்கள்.

முதல் ஆன் எப்போதும் சீரியல் பல்பு வழியாகத்தான். மெயின்ஸ் ஒயரில் தொடராக மாட்டிய 60 வாட் குண்டு பல்பு அது. கண்டன்சர் சார்ஜ் ஆகும்போது ஒரு முறை பளிச்சிட்டு மங்கிவிட வேண்டும். எரிந்தபடியே நின்றால் எங்கோ ஷார்ட். இதில் அதிகம் மாட்டுவது ஐசியின் உலோக முதுகு. 2030, 7294, சாதாரண 3886 மூன்றிலும் அந்த முதுகு மைனஸ் ரெயிலோடு சேர்ந்தது, கிரவுண்டோடு அல்ல. மைக்கா ஷீட்டும் திருகுக்கு பிளாஸ்டிக் புஷ்ஷும் இல்லாமல் ஹீட் சிங்க்கில் முடுக்கி, அந்த ஹீட் சிங்க் பெட்டியைத் தொட்டால் மைனஸ் ரெயில் அப்படியே கிரவுண்டில் உட்காரும். முடுக்கிய பிறகு ஐசி முதுகுக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே மீட்டரை பீப்பில் வைத்துப் பாருங்கள். பீப் வரக்கூடாது. டிரில் போட்ட துளை ஓரத்தில் நிற்கும் அலுமினியப் பிசிறு மைக்காவைக் குத்திக் கிழிக்கும். பெரிய டிரில் பிட்டைக் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றி அதை வழித்துவிட்டுத்தான் ஷீட்டை வைக்க வேண்டும். 3886-ல் 'டிஎஃப்' என்று முடியும் வகைக்கு முதுகு முழுக்க பிளாஸ்டிக், மைக்கா தேவையில்லை.

பல்பு மங்கிய பிறகு இரண்டு அளவு. ஸ்பீக்கர் கழற்றியிருக்க, அவுட்புட்டில் டிசி: 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி. சிக்னல் இல்லாமல் ரெயிலில் ஓடும் கரண்ட்: 2030ஏ-யும் 3886-ம் 50 மில்லிஆம்பியர் பக்கம், 7294 30 பக்கம். 200, 300 காட்டி ஐசி சும்மாவே கொதித்தால் அது ஆசிலேட் ஆகிறது (சிக்னல் இல்லாமலே தானாக அதிர்கிறது), அல்லது போலி ஐசி. முதலில் அவுட்புட்டிலுள்ள ரெசிஸ்டர்–கண்டன்சர் ஜோடியைப் பாருங்கள். 7294, 3886 இரண்டுக்கும் 2.7 ஓமும் 0.1 மைக்ரோஃபாரட்டும். மலிவு போர்டில் அந்த இடம் காலியாகவே வருவதுண்டு. அடுத்து ஐசி காலுக்கு ஒட்டினாற்போல் 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சர் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய கண்டன்சர் ஒரு முழம் தள்ளி நின்றால் அது இந்த வேலைக்கு உதவாது.

சத்த அளவைச் சமன் செய்வதில்தான் பாதிப் பொழுது போனது. ஒவ்வொரு போர்டின் இன்புட்டிலும் 10 கே மல்டிடர்ன் பிரீசெட் (திருகிச் சரிசெய்யும் ரெசிஸ்டர்). போனிலிருந்து 400 ஹெர்ட்ஸ் டோன். அவுட்புட்டில் 8.2 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் நான்கை, இரண்டிரண்டு சீரியலாக்கிப் பிறகு பேரலல் போட்டால் 8.2 ஓம், 40 வாட் டம்மி லோடு (ஸ்பீக்கருக்குப் பதில் நிற்பது) கிடைக்கும். அதை டைல்ஸ் துண்டு மேல் வையுங்கள், மேசை மரத்தில் வேண்டாம். இலக்கு 2.83 வோல்ட் ஏசி. 8 ஓமில் அது 1 வாட்.

எல்லார் கையிலும் இருக்கும் மஞ்சள் டிடி830டி மீட்டர் இதற்கு ஆகாது. அதில் ஏசியின் மிகக் குறைந்த ரேஞ்சே 200 வோல்ட். 2.8 காட்டும், அடுத்து 2.9 காட்டும், நடுவில் ஒன்றும் இல்லை. அந்த ஒரு படியே 0.3 டெசிபல். ஒப்பீட்டுக்கு 0.1 டெசிபலுக்குள், அதாவது வோல்ட்டில் 1 சதவீதத்துக்குள் சமன் வேண்டும். 20 வோல்ட் ஏசி ரேஞ்ச் உள்ள டிடி9205 மாதிரி மீட்டரில் 2.83, 2.84 என்று வரும், போதும். டோன் 400 ஹெர்ட்ஸ் என்றதற்கும் காரணம் உண்டு: இந்த விலை மீட்டர்களின் ஏசி கணக்கு 400 வரைதான் உத்தரவாதம்.

கிளாஸ் டி-யை மட்டும் நேராக அளக்காதீர்கள். அவுட்புட்டில் 400 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஸ்விட்சிங் எச்சம் ஒட்டிக்கொண்டு வரும், மீட்டர் குழம்பும். 1 கே ரெசிஸ்டர், 10 நானோஃபாரட் கண்டன்சர் இரண்டையும் சீரியலாகப் போட்டு, கண்டன்சரின் மேல் அளந்தால் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளது வடிந்துவிடும்.

பிரீசெட் போட்டதால் 4440-க்கு ஒரு குறை அப்பட்டமாகத் தெரிந்துவிட்டது. அதன் கெய்ன் ஐசிக்குள்ளேயே 50 டெசிபலுக்கு மேல். சமன் செய்யும்போது சிக்னலைத்தான் குறைக்கிறோம், ஐசியின் இரைச்சலைக் குறைக்க முடியாது. பாட்டு நின்றதும் ட்வீட்டரில் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் இருந்துகொண்டே இருக்கும். மேசையிலிருந்த மற்ற எதிலும் காதை ஒட்ட வைத்தாலொழிய அது கேட்காது. பஸ்ஸில், ஆட்டோவில் எஞ்சின் சத்தத்துக்கு நடுவே இது யாருக்கும் தெரியாது. 4440 பிறந்ததும் அந்த வேலைக்குத்தான்.

இனி ஸ்விட்ச். இரண்டு போர்டையும் ஒரே ஸ்பீக்கருக்கு மாற்றி மாற்றிக் கொடுக்க நடுவில் ஆஃப் உள்ள ஆறு கால் டாகிள் ஸ்விட்ச். மூன்று கால் ஸ்விட்ச் போட்டு, ஸ்பீக்கர் மைனஸை எல்லா போர்டுக்கும் பொதுவாக்கினால் வேலை சுலபம் என்று தோன்றும். அங்கேதான் போர்டு போகும். 3116-ம் பிரிட்ஜ் முறை 4440-ம் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரையும் ஓட்டுபவை; இரண்டிலும் சப்ளையில் பாதி வோல்ட் நிற்கும், எதுவும் கிரவுண்ட் கிடையாது. 2030-ன் கிரவுண்டோடு அதன் ஒரு ஒயர் சேர்ந்து, இன்புட் கிரவுண்டும் போன் ஜாக் வழியாகச் சேர்ந்தால், ஒரு அவுட்புட் நேராக ஷார்ட். 3116 தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும், ஆஃப் செய்து ஆன் செய்தால் பெரும்பாலும் பிழைக்கும். 4440-ஐ அப்படி நம்பி விட முடியாது. ஆஸிலோஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்புக்கும் இதே விதி. பிரிட்ஜ் அவுட்புட்டின் மைனஸில் அதை மாட்டுவதும் ஷார்ட் செய்வதும் ஒன்றுதான். இரண்டு புரோபையும் இரண்டு ஒயரில் வைத்து, ஸ்கோப்பில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கச் சொல்ல வேண்டும்.

ஒரே போனிலிருந்து இரண்டு போர்டுக்கும் ஒயர் பிரிக்கும்போது கிரவுண்ட் வளையம் உண்டாகி 'கர்ர்' என்று 100 ஹெர்ட்ஸ் சத்தம் வரும். ஒரு போர்டின் இன்புட் கிரவுண்டில் 10 ஓம் ரெசிஸ்டர் சேர்த்ததும் அடங்கியது. அடங்காவிட்டால் ரெக்டிஃபயருக்கும் பெரிய கண்டன்சருக்கும் நடுவே ஓடும் ஒயரிலிருந்து யாரோ சிக்னல் கிரவுண்ட் எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கிரவுண்ட் எடுக்க வேண்டிய இடம் கண்டன்சர்களின் நடுப்புள்ளி.

கேட்பதற்கு எடுத்தவை: ஒரு பெண் குரலும் வீணையும் மட்டும் உள்ள பதிவு, கம்ப்ரெஸ் செய்யாத பம்பை, உடுக்கைப் பதிவு, தெருக்கூத்தில் முகவீணை தனியாக வாசிக்கும் ஒரு துண்டு. இந்தப் பக்கத்தில் பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில் முகவீணையை நேரில் கேட்டுப் பழகிய காது உண்டு. ட்வீட்டர் பக்கம் கொஞ்சம் பிசகினாலும் அது உடனே சொல்லும். சினிமாப் பாட்டு இதற்கு அவ்வளவாக உதவாது, எல்லா இடத்திலும் ஒரே உயரத்துக்கு இழுத்துக் கட்டியிருப்பார்கள்.

ஸ்விட்சை அட்டைக்குப் பின்னால் ஒருவர் நாணயம் சுண்டிப் பார்த்து மாற்ற, முன்னால் உட்கார்ந்தவர் எது என்று எழுத வேண்டும். ஜோடிக்கு 16 முறை. குருட்டாம்போக்கில் சொன்னால் 12 அல்லது அதற்கு மேல் சரியாக வர வாய்ப்பு 100-க்கு 4 கூட இல்லை; அதனால் 12-ஐத் தொட்டால்தான் வித்தியாசம் கேட்டது என்று கணக்கு.

1 வாட் பக்கம், சமன் செய்த நிலையில், 7294-க்கும் 3886-க்கும் யாரும் 12-ஐத் தொடவில்லை. 2030ஏ-க்கும் 3886-க்கும் அதே கதை. 3116-ஐ 3886-ஓடு வைத்தபோதும் குரலிலும் வீணையிலும் அதேதான். 'கிளாஸ் டி வறண்ட சத்தம்' என்று முதலில் சொன்னவர்களின் தாளில் 16-க்கு பாதிதான் சரி. 4440 மட்டும் மௌனத்தில் மாட்டிக்கொண்டது, அந்த 'ஸ்ஸ்' சத்தத்தால்.

பம்பையைப் போட்டு வால்யூமை ஏற்றியதும் படம் மாறியது. சராசரி 1 வாட்டில் ஓடும் பம்பைப் பதிவில் அடி விழும் கணம் 12 டெசிபல் மேலே போனால் அங்கே வேண்டியது 16 வாட். ±16-ல் 2030ஏ 8 ஓமுக்கு 12 வாட்தான் தரும். தோல் அதிரும் 'தும்' என்பது 'தப்' ஆகிவிடும். 12 வோல்ட் பேட்டரியில் பிரிட்ஜ் 4440-க்கு 8 ஓமில் 5, 6 வாட். அது இன்னும் முன்னாலேயே முட்டும். பெட்டியில் எழுதும் 19 வாட் 4 ஓமுக்கு, அதுவும் 10 சதவீத டிஸ்டார்ஷனில். 24-0-24-ல் வரும் ±33-ல் 7294-ம் 3886-ம் ஏறக்குறைய 50 வாட், 22 வோல்ட்டில் 3116 25 வாட், இவை அலட்டிக்கொள்ளவில்லை. வால்யூமை 3 டெசிபல் இறக்கியதும் 2030ஏ மறுபடி மற்றவற்றோடு கலந்துவிட்டது. 'ஐசியின் குணம்' என்று கடையில் பேசுவதில் பெரும்பகுதி இந்த முட்டல்தான்.

டிரான்சிஸ்டர் போர்டுக்கு வருவோம், கதை உள்ள போர்டு அதுதான். '200 வாட்' என்று அச்சடித்து வந்தது. பெண் குரல் தேய்ந்து அடங்கும் இடத்தில் ஒரு சொரசொரப்பு, உப்புத்தாள் தேய்ப்பது போல. 3886-ஓடு வைத்தபோது, 16-க்கு 16 சரியாகச் சொல்ல முடிந்த ஒரே ஜோடி. சத்தம் கூடினால் அது மறைந்துவிடும், குறைந்தால் தெரியும். இந்த அடையாளம் இருந்தால் கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்: பிளஸ் பக்க டிரான்சிஸ்டர் கைவிடும் இடத்துக்கும் மைனஸ் பக்கம் பிடிக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு சந்து.

மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, இரண்டு 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டர்களின் வெளி முனைகளுக்கு நடுவே அளந்தால் பூஜ்யம். பயாஸே இல்லை, அதாவது சிக்னல் இல்லாதபோதும் பவர் டிரான்சிஸ்டரில் ஓட வேண்டிய சின்ன கரண்ட் இல்லை. பிரீசெட் வரும் இடத்தில் செலவு மிச்சம் பிடிக்க ஒரு ஜம்பர் கம்பி. அதை எடுத்துவிட்டு பிடி139 டிரான்சிஸ்டர் ஒன்றை பயாஸ் வேலைக்குப் போட்டது: அதன் கலெக்டர் காலுக்கும் பேஸ் காலுக்கும் நடுவே 2.2 கே, பேஸ்–எமிட்டர் நடுவே 330 ஓமோடு சீரியலில் 1 கே பிரீசெட். பிரீசெட் பேஸ்–எமிட்டர் பக்கத்தில்தான் வர வேண்டும். தேய்ந்து ஓப்பன் ஆனால் அந்தப் பக்கத்தில் பயாஸ் குறையும், டிரான்சிஸ்டர் பிழைக்கும். கலெக்டர் பக்கத்தில் வைத்தால் அதே கோளாறில் பயாஸ் எகிறி, 5200-ம் 1943-ம் சேர்ந்தே போகும். பிடி139-ஐ போர்டில் நிற்கவிடாமல், ஒயர் நீட்டி, மைக்கா வைத்து, பவர் டிரான்சிஸ்டருக்கு அருகில் அதே ஹீட் சிங்க்கில் முடுக்க வேண்டும். சூடு ஏற ஏற அது பயாஸை இறக்குகிறது. தள்ளி வைத்தால் சூடு கரண்ட்டைக் கூட்டும், கரண்ட் சூட்டைக் கூட்டும்.

பிரீசெட் முழு மதிப்பில், அதாவது பயாஸ் குறைந்த பக்கத்தில் வைத்து, சீரியல் பல்போடு ஆன். மெல்லத் திருப்பி, வெளி முனைகளுக்கு நடுவே 44 மில்லிவோல்ட். ஒரு ரெசிஸ்டருக்கு 22, அதாவது 100 மில்லிஆம்பியர். இது பல்பு இருக்கும்போது சரியாக நிற்காது, ரெயில் தாழ்ந்திருக்கும்; பாதியில் பல்பை எடுத்துவிட்டு மிச்சத்தை வைக்க வேண்டும். 20 நிமிடம் விட்டுத் திரும்ப அளந்து, மாறியிருந்தால் திருத்த வேண்டும். ±33, அதாவது 66 வோல்ட்டில் 100 மில்லிஆம்பியர் என்றால் சும்மா நிற்கும்போதே 6.6 வாட் சூடு, ஹீட் சிங்க் இளஞ்சூடாக இருப்பது குறையல்ல. அதற்குப் பிறகு இந்தப் போர்டும் 3886-ம் 16-க்கு பாதி. ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு பிரீசெட்டும் செய்த வேலை.

'பேஸே இல்லை' என்று ஒதுக்கும் போர்டுகளில் பார்க்க வேண்டியது மூன்று கண்டன்சர். இன்புட்டில் 0.1 மைக்ரோஃபாரட், அதன் பின்னால் 22 கே இருந்தால் 72 ஹெர்ட்ஸிலேயே சரியத் தொடங்கும். 1 மைக்ரோஃபாரட் போட்டால் 7. ஃபீட்பேக் 680 ஓமோடு 2.2 மைக்ரோஃபாரட் இருந்தால் 106 ஹெர்ட்ஸ். 22 போட்டால் 10.6. ஒற்றை சப்ளை போர்டில் ஸ்பீக்கருக்குப் போகும் கண்டன்சர் 470 என்றால் 4 ஓமுக்கு 85 ஹெர்ட்ஸ், 2200 என்றால் 18. இவை எல்லாம் சில ரூபாய் சாமான். இதைப் பார்க்காமல் சப்-ஊஃபர் போர்டு வாங்க ஓடுவார்கள்.

முகவீணையில் மட்டும் 3116 ஒரு நூல் பிரகாசமாகத் தெரிந்தது, அதற்கும் கணக்கு உண்டு. அவுட்புட்டில் 10 மைக்ரோஹென்றி காயில், 0.68 மைக்ரோஃபாரட் கண்டன்சர். இந்த ஃபில்டர் 4 ஓமுக்குக் கட்டியது. 4 ஓமில் 20 கிலோஹெர்ட்ஸில் 0.8 டெசிபல் சரியும்; 8 ஓம் மாட்டினால் அங்கே 0.5 டெசிபல் ஏறும். ட்வீட்டரின் இம்பீடன்ஸ் மேலே போகப் போக ஏற்றம் இன்னும் கூடும். கேட்க முடியாதவர்களே அதிகம், இளம் காதுக்குத் தெரியலாம். உறுத்தினால் ட்வீட்டருக்குக் குறுக்கே 10 ஓம் 5 வாட், 1 மைக்ரோஃபாரட் இரண்டையும் சீரியலாகப் போட்டு அடக்கலாம்.

ஊருக்குள் ஒரு விஷயம். பென்னாகரம், பாலக்கோடு பக்கக் கிராமங்களில் போர்வெல் மோட்டார்கள் ஓடும் நேரம் லைன் 190-க்கு இறங்கினால், 12-0-12-ல் ±16 என்பது ±13 ஆகும். 2030ஏ-யின் 12 வாட் ஏழரை ஆகும். எஸ்எம்பிஎஸ்ஸில் ஓடும் 3116-க்கு 22 வோல்ட் 22-ஆகவே நிற்கும். அங்கே கிளாஸ் டி மேல் என்று ஒருவர் சொன்னால் அவர் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது, ஜெயித்தது சப்ளை.

மேசையில் மிச்சம் உள்ள வேலை ஒன்று. 3886-ல் 4 ஓம் பெட்டி மாட்டியபோது பெரிய சத்தத்தில் 'பட் பட்' என்று வெடித்தது. கோன் கிழிந்த மாதிரியே இருக்கும், ஆனால் அது ஐசிக்குள் இருக்கும் 'ஸ்பைக்' என்ற பாதுகாப்புச் சுற்று குறுக்கிடும் சத்தம். ±33-ல் 4 ஓம் அதற்குத் தாங்காது. 18-0-18 டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ரெயிலை ±24.5-க்கு இறக்கியாக வேண்டும். அதில் 4 ஓமுக்கே 40 வாட்டுக்கு மேல் கிடைக்கும். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றக் கொடுத்திருக்கிறது.